இருபத்திரண்டாவது வாரம்

பனிக்காலம் அவனுக்கு, ஏரி உறைந்ததும் மீன் பிடிக்க.
வெயில்காலம் எனக்கு.
வீட்டை விற்றுப் பங்கிட்டோம், நாயை அவன் அக்கா கொண்டுபோனாள்,
பதின்மூன்றடி டிரெய்லரை மட்டும்
இரண்டாக அறுக்க நீதிபதிக்கும் வழி தெரியவில்லை.
ஜூன் முதல் சனிக்கிழமை
காஸ்பரிலிருந்து அவன் இழுத்து வருவான்,
கிரெய்கிலிருந்து நான் வெறும் கொக்கியோடு போவேன்.
நடுவில் ராலின்ஸ்.
பேசினால் பாதியைக் காற்று தின்றுவிடும் ஊர்.
எங்களுக்கு அது வசதி.

இந்த வருஷம் எல்டன் புது டயர் இரண்டு கொண்டுவந்திருந்தான்,
ரிம்மோடு, பழைய போர்வையில் சுற்றி.
"ஸ்டெப்னி அதுவே இருக்கட்டும். ஒரு மைல்கூட ஓடவில்லை.
பார், மேலே ரப்பர் மயிர்கூட உதிரவில்லை."

பின்பக்கம் பூட்டியிருந்த அதன் முன்னால் மண்டியிட்டேன்.
எச்சில் தொட்டுத் துடைத்தால்தான் அந்த எண் தெரியும்:
இரண்டு இரண்டு ஒன்று நான்கு.
பதினான்காம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
நூல் நூலாக வாய் திறந்தது வெடிப்பு.
டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம், எல்டன்.
சும்மா இருந்தே சாகும், வெயிலில்.

அவன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அந்த வாரம் நீ உன் தங்கை வீட்டில் இருந்தாய்."
இல்லை. அந்த வாரம் சமையலறைக்கு மஞ்சள் அடித்தோம்.
"மஞ்சள் அடித்தது ஆகஸ்டில்."
ஆகஸ்டில் அதன்மேல் வெள்ளை அடித்தோம்.

காற்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து
வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் போனது.

கடைக்குப் போய் மூன்றாவதையும் வாங்கினோம்.
நூற்றுப் பதினான்கு டாலர், வரி தனி. ஆளுக்குப் பாதி.
மிஞ்சிய ஒற்றை சென்ட்டை அவன் கொடுத்தான்,
கொடுத்ததைச் சொல்லிக்காட்டவும் செய்தான்.

கழற்றுவதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.
வலச் சக்கரத்துக்கு நான் கட்டை கொடுத்தேன்.
இடப்பக்கம் அவன் ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வைத்தான்.
அச்சுக்கு அடியில் வைக்காதே என்று
நான் வாய் திறப்பதற்குள், "தெரியும்."
சக்கரம் தரையில் இருக்கும்போதே
நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும்,
அப்புறம்தான் தூக்குவது.
நான்காவது நட்டு அசையவில்லை.
ஸ்பானரின் கைப்பிடிமேல் ஏறி நின்றான்.
எடை போதவில்லை. இளைத்திருக்கிறான்.
நானும் ஒரு காலை வைத்தேன்,
அவன் தோளைப் பிடித்துக்கொண்டு,
பிடிக்க வேறெதுவும் இல்லை என்பதால்.
கிறீச்சென்று இறங்கினோம் இருவரும்.

இடது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது.
"நீ ஓரமாகவே ஓட்டுகிறாய்."
நீ பாரத்தை ஒரே பக்கம் ஏற்றுகிறாய்.
அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதினான்:
அடுத்த ஜூன், இடது வலதுக்கு, வலது ஸ்டெப்னிக்கு,
ஸ்டெப்னி இடதுக்கு.
யோசித்து, கீழே சேர்த்தான்: யாரிடம் இருந்தாலும்.

எதிரெதிராக, நட்சத்திரம் போடுவதுபோல் முறுக்கினோம்.
தொண்ணூறில் ஸ்பானர் டக்கென்றது.
இந்தப் பக்கம் ஐந்து டக். அந்தப் பக்கம் ஐந்து.
கைகொடுக்கலாமா என்று இருவருமே நினைத்திருப்போம்.
கை முழுக்க மை. விட்டுவிட்டோம்.

அடுத்த கைமாற்றம் வரை ஃபோன் கிடையாது என்பது ஒப்பந்தம்.
பேக்ஸ் வருவதற்கு முன், புதரும் வானமுமான சாலையில்
ஒரு கோடு சிக்னலில் வந்து விழுந்தது:
"லாவோன், ஐம்பது மைல். திரும்ப முறுக்கு."

நாற்பத்தெட்டிலேயே நிறுத்தியிருந்தேன்.
முழங்காலுக்கு அடியில் சரளை.
வேலிக்கு அப்பால் மூன்று மான்கள்
வெள்ளைப் பிட்டத்தைக் காட்டிக்கொண்டு மேய்ந்தன.
இடப்பக்கம் ஐந்தும் உடனே டக்கென்றன.
வலப்பக்கம் மூன்றாவது
கொஞ்சம் போனது, டக்கென்பதற்கு முன்.

பதிலில் அதை மட்டும் எழுதினேன்:
வலது. மூன்றாவது. கால் சுற்று.